டைகரின் சாப்பாடு பற்றி மகளுக்கு

வெள்ளவத்தை

அன்புள்ள மகள்,

நம் நாய் டைகருக்கு என்று மெல்பேணிலிருந்து நீ மாதாமாதம் அனுப்பும் காசை இனி அனுப்ப வேண்டாம். உன் வீட்டு வாடகைக்கு வைத்துக்கொள். அவன் நன்றாகச் சாப்பிடுகிறான்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது பையில் வரும் இறக்குமதி நாய்த் தீனின் விலையும் கூடவே ஏறியது உனக்குத் தெரியும். இவ்வளவு பெரிய லாப்ரடோருக்கு இரண்டு வேளையும் அதையே போட என் பென்சன் காணாது. அதனால் மிருக வைத்தியரிடம் கேட்டு, காலையில் அளந்து ஒரு பங்கு பைத் தீன், மாலையில் வீட்டுச் சாப்பாடு என்று மாற்றினேன். சத்தெல்லாம் சரியாகக் கலந்து வருவது பைத் தீனில்தான், அதனால் முழுதாக விடவில்லை.

மாலைச் சாப்பாடு என்றதும் மிச்சச் சோறும் கறியும் என்று நினைக்காதே. நம் கறியில் வெங்காயமும் உள்ளியும் இல்லாத நாளில்லை. இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உப்பு, தூள், தேங்காய்ப்பால் வேறு. அவனுக்குத் தனிச்சட்டிதான். கால் கிலோவுக்குச் சற்றுக் குறைய கோழி, ஏறக்குறைய அதேயளவு சோறு, ஒரு பிடி பூசணியும் போஞ்சியும். சந்தையில் சூடை மீன் மலிந்தால் கோழிக்குப் பதில் அதை அவித்து முள் எடுத்துக் கொடுப்பேன். ஈரல் கிழமைக்கு ஒருநாள், அதுவும் கொஞ்சம்தான். கூடினால் விற்றமின் ஏ அளவு மீறிவிடும்.

கோழியை ஆறவிட்டு விரலால் பிய்த்துப் பிய்த்து எலும்பு தேடுவேன். கழுத்துப் பக்கத்துச் சின்ன எலும்பு கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. அவித்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும், பிள்ளை. எலும்பை எடுத்துவிட்டால் சுண்ணாம்புச்சத்து குறையும் அல்லவா, அதற்கு முட்டைக்கோதைக் கழுவிக் காயவைத்து மாவாக அரைத்து அரைத் தேக்கரண்டி சேர்க்கிறேன். ஏறக்குறைய ஒரு கிராம் கல்சியம் அதிலேயே கிடைக்கிறது. வைத்தியர் எழுதித்தந்த விற்றமின் தூளையும் விடுவதில்லை. வீட்டுச் சோற்றில் நாகச்சத்தும் (சிங்க்) செம்புச்சத்தும் போதாது என்று அவர் சொன்னார்.

நீ போகும்போது 39 கிலோ இருந்தான், இப்போது 35. மெலிந்துவிட்டான் என்று பயப்படாதே. கையால் தடவினால் விலா எலும்பு தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. இப்போது அப்படித்தான் இருக்கிறான். லாப்ரடோருக்குப் போதும் என்ற சொல்லே தெரியாது, நாம்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும். அம்மா தேநீரோடு நீட்டும் மாரி பிஸ்கட்டுக்குத்தான் வீட்டில் சண்டை. இப்போது கரட் துண்டில் சமாதானம்.

மரைன் டிரைவில் நடந்து வந்து, அவன் மூச்சு அடங்கிய பிறகே தட்டு வைக்கிறேன். நெஞ்சு ஆழமான பெரிய நாய்கள் அவசரமாக விழுங்கினால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளலாம், அது சில மணி நேரத்திலேயே உயிரைக் குடிக்கும். ஒரே வேளையில் எல்லாவற்றையும் கொட்டாததும் அதனால்தான்.

டிசம்பரில் வரும்போது சொக்லட்டும் சீனி இல்லாத சூயிங்கமும் கொண்டுவந்தால் பெட்டியை அலுமாரிக்கு மேலே வை. இரண்டும் அவனுக்கு நஞ்சு. வரும் சனிக்கிழமை மறுபடி நிறுக்கப் போகிறோம், எத்தனை கிலோ என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா