வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை (பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னாள் தலைவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் குறள் ஒப்புவித்தல் போட்டியும் வழக்கம்போல் நடைபெற்றன. கிளை நூலகத்திற்குப் பழைய புத்தகங்கள் திரட்டிக் கொடுத்தோம். செயற்குழு கூடிய நாள்களில் பாதி நாள் குறைந்தபட்ச வருகை இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மையான பணி, போர், அணு ஆயுதக் கட்டுப்பாடு ஆகியவற்றில் அமெரிக்க அதிபர்கள் தமக்கு முன் அப்பதவியில் இருந்தவர்களிடம் ஆலோசனை கேட்ட வரலாற்றைப் பற்றிய தொடர் சொற்பொழிவு ஆகும். வெள்ளை மாளிகைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டதாலும், கேட்டவர்கள் ஓர் அமர்வுக்கும் வராததாலும், அங்கே பேசப்பட்டதைச் சற்று விரிவாகவே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

1961 ஏப்ரலில் கியூபாவின் காஸ்ட்ரோ அரசைக் கவிழ்க்க அமெரிக்க ஆதரவுடன் பன்றிகள் விரிகுடாவில் நடந்த படையெடுப்பு தோற்ற சில நாள்களில், ஏப்ரல் 22 அன்று, கென்னடி தமக்கு முந்தைய அதிபரான ஐசனோவரை கேம்ப் டேவிட்டிற்கு அழைத்தார். அந்த ஓய்வில்லத்திற்குத் தம் பேரன் பெயரைச் சூட்டியவரே ஐசனோவர்தான். திட்டத்திற்கு ஒப்புதல் தருமுன் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, எதிரெதிராக வாதாடச் செய்து, சாதக பாதகங்களைக் கேட்டீர்களா என்பதே மூத்தவர் கேட்ட முக்கியமான கேள்வி. அப்படிக் கேட்கவில்லை என்பது கென்னடியின் பதிலிலிருந்தே விளங்கியது. ஆனால் நாடு கடந்த கியூபர்களுக்குப் பயிற்சி தந்து இப்படையெடுப்புக்கு அடிகோலிய சி.ஐ.ஏ. உளவு நிறுவனத்தின் திட்டத்திற்கு 1960 மார்ச்சில் ஒப்புதல் அளித்தவரும் இதே ஐசனோவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. தலை குனிந்து இருவரும் நடந்து செல்வதைப் பின்னாலிருந்து எடுத்த புகைப்படம் மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. கென்னடிக்கு அன்று அறிவுரை எவ்வளவு தேவைப்பட்டதோ, அந்தப் படமும் அவ்வளவு தேவைப்பட்டது என்பது என் கருத்து.

மூன்றாம் அமர்வுக்காக, 1962 அக்டோபர் 22 அன்று இருவரும் தொலைபேசியில் பேசிய ஒலிப்பதிவை நானே பல இரவுகள் கேட்டுத் தமிழில் எழுதினேன். சோவியத் ஒன்றியம் கியூபாவில் நிறுவிய ஏவுகணைகள் பற்றி நாட்டு மக்களுக்கு உரையாற்றவிருந்த அன்று காலை, கியூபாவைத் தாக்கினால் சோவியத் ஒன்றியம் அணு ஆயுதத்தை ஏவுமா என்று கென்னடி கேட்கிறார். ஏவுவார்கள் என்று தாம் நம்பவில்லை என்று ஐசனோவர் பதில் சொல்கிறார். நார்மண்டிப் படையிறக்கத்தை நடத்திய தளபதியின் குரல் அது. யாருக்கும் அதில் நம்பிக்கை வரும். ஆனால் போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறிய அணு ஆயுதங்களும் அப்போது கியூபாவில் இருந்தன என்பது 1992இல் ஹவானாவில் நடந்த மாநாட்டில்தான் வெளிப்பட்டது. ஆலோசனை கேட்டவர், சொன்னவர் இருவருக்குமே அது தெரியாது. கென்னடி படையெடுக்காமல் கடல்வழி முற்றுகையோடு நின்றதை எண்ணி அன்று அரங்கிலிருந்த ஒன்பது பேரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். மற்ற உறுப்பினர்களுக்கும் அந்த வாய்ப்புக் கிடைத்திருக்கலாம்.

1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான அணுச் சோதனைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. கென்னடி, ஐசனோவருக்கு முந்தைய அதிபரான ட்ரூமனைத் தொலைபேசியில் அழைத்து ஆதரவு பெற்றார். 1958இல் சோதனைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தவரான ஐசனோவரும் ஆதரித்தார். ஆனால் போர் மூண்டால் அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவதை இது தடுக்காது என்பது தெளிவாக்கப்பட வேண்டும் என்றார். செப்டம்பர் 24 அன்று 80க்கு 19 என்ற வாக்குகளில் உடன்படிக்கை நிறைவேறியது.

1965 பிப்ரவரி 17 அன்று வியட்நாம் போர் குறித்து, கென்னடிக்குப் பின் அதிபரான ஜான்சன் அழைத்தபோது, ஆறு முதல் எட்டு டிவிஷன் படை தேவைப்படாது என நம்புவதாகவும், தேவைப்பட்டால் அனுப்பத்தான் வேண்டும் என்றும் அதே ஐசனோவர் சொன்னார். 1968இல் அங்கிருந்த அமெரிக்கப் படையினர் ஐந்து லட்சத்திற்கும் மேல். 1987 ஏப்ரலில் அதிபர் ரீகன் முன்னாள் அதிபர் நிக்சனை இரகசியமாக அழைத்துப் பேசினார். சோவியத் ஒன்றியத்துடன் உடன்பட்டு நடுத்தரத் தொலைவு ஏவுகணைகளை ஒழிக்கும் யோசனையில் நிக்சனுக்கு இருந்த ஐயம் தீரவில்லை. ஆனாலும் ரீகன் அவ்வாண்டு டிசம்பரில் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். கேட்பது கடமை, கேட்டபடி நடப்பது கடமையல்ல என்று நான் அந்த அமர்வில் சொன்னதைச் சிலர் தங்களைக் குறித்ததாக எடுத்துக்கொண்டார்கள் என அறிகிறேன்.

1990இல் வளைகுடாப் போருக்கு முன், யாரும் கேட்காமலேயே முன்னாள் அதிபர் கார்ட்டர் போருக்கு ஆதரவு தர வேண்டாம் என ஐ.நா. பாதுகாப்பு அவை நாடுகளுக்குக் கடிதம் எழுதியது அப்போதைய அதிபர் மூத்த புஷ்ஷைச் சினங்கொள்ள வைத்தது. நம் வட்டத்தின் முன்னாள் தலைவர் ஒருவரும் இத்தொடர் பற்றி உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். நேரில் வந்து சொல்லியிருந்தால் தேநீரும் கிடைத்திருக்கும்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. ஒலிபெருக்கி வாடகை சற்றுக் கூடியது உண்மை. உறுப்பினர்களில் பாதிப்பேரின் சந்தா இரண்டு ஆண்டுகளாக நிலுவையில் உள்ளது. அரங்கை இலவசமாகத் தந்தவர்களுக்கும், நாற்காலிகளை அடுக்கிய இளைஞர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

2010 டிசம்பரில் ரஷ்யாவுடன் அணு ஆயுதங்களைக் குறைக்க அதிபர் ஒபாமா செய்த புதிய ஸ்டார்ட் உடன்படிக்கைக்கு மூத்த புஷ் கட்சி கடந்து ஆதரவு தெரிவித்தது, செனட்டில் அது 71க்கு 26 என நிறைவேறியது ஆகியவை இன்னும் பேசப்படவில்லை. அடுத்த ஆண்டு இதை நானே தொடர வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கில்லை. வேறொருவர் பொறுப்பேற்றால் என் குறிப்பேடுகள் நான்கையும் ஒப்படைத்துவிட்டு, அவர் கேட்கும்போது மட்டும் பேசுவேன். எவரும் முன்வராவிட்டால் முதல் அமர்வு ஜூன் மாத இரண்டாம் ஞாயிறன்று மாலை ஐந்து மணிக்கு நடக்கும். பொருளாளர் இப்போது ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார்.