ஓதம் வற்றும் நேரம் பார்த்து வா

ஓரே, பிரிட்டனி, பிரான்ஸ்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அப்பா, நான், சித்தி மூவரும் உட்கார்ந்து படித்தோம். கிடைத்திருக்கும் ஒரு வார விடுப்பில் பாரிஸ், வெர்சாய், நீஸ், மோன் சேன் மிஷேல் என்று நாளுக்கு ஓர் ஊராக ஓடுவதாக எழுதியிருக்கிறாய். அதில் நீஸை எடுத்துவிட்டு, நேற்று சித்தப்பா காரில் எங்களை அழைத்துப்போன வழியை வைத்துக்கொள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வற்புறுத்தவில்லை. படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்.

முதலில் ஓதத்தைப் பற்றி, அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதைப் பற்றிச் சொல்லவேண்டும். புதுச்சேரிக் கடற்கரையில் வளர்ந்த நாம் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. அங்கே நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். அதுவும் அலையின் ஆர்ப்பாட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கரையில் பெரிய ஓதம் வரும் நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் ஐந்து மீட்டர் வரை வேறுபாடு உண்டு. ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வற்றிக்கொண்டே போகும் கடல், ஏறக்குறைய அதே நேரம் எடுத்துக்கொண்டு திரும்புகிறது. மறுநாள் அந்த வேளை ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. ஒவ்வொரு நாளின் ஓத வலிமையையும் 20 முதல் 120 வரையான எண்ணால் குறித்து அட்டவணையாக அச்சிடுகிறார்கள். உன் பாட்டி இராகு காலம் பார்த்ததுபோலச் சித்தி அதைப் பார்த்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள்.

நேற்று நண்பகல் வரை வற்றுகிற ஓதம் என்பதால், காலையில் பக்கத்திலேயே இருக்கும் சேன் குஸ்தானுக்கு நடந்து இறங்கினோம். ஓரே நகரம் மேட்டில் இருக்கிறது. அதன் பழைய துறைமுகம் கீழே, ஆற்றின் மறுகரையில். கல்பாலத்தைக் கடந்ததும் சிறிய சதுக்கம். அதைச் சுற்றி, மரச்சட்டங்களுக்கு நடுவே மண்ணும் சுண்ணாம்பும் நிரப்பிக் கட்டிய 15, 16ஆம் நூற்றாண்டு வீடுகள். சில வீடுகள் எந்தக் காலத்திலோ ஒரு பக்கம் சாய்ந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டன. யாரும் அவற்றை நிமிர்த்தவும் இல்லை, இடிக்கவும் இல்லை. துறைமேடைக்கு பெஞ்சமின் பிராங்க்ளின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1776 டிசம்பரில், அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிரான்சின் உதவியைக் கேட்டு அவர் கடல் கடந்து வந்தபோது, நாந்த்துக்குப் போகவேண்டிய கப்பல் எதிர்க்காற்றில் முன்னேற முடியாமல் நிற்க, எழுபது வயதுப் பெரியவர் மீனவர் படகில் ஏறி இந்தப் பக்கம் கரையிறங்கி, பிறகு வண்டி பிடித்து நாந்த்துக்குப் போனாராம். அவர் கேட்டுவந்த உடன்படிக்கை 1778 பிப்ரவரியில்தான் கையெழுத்தானது. இவ்வளவு பெரிய செய்தியை வைத்துக்கொண்டும் ஊர் அதைப் பெரிதாகத் தண்டோரா போடவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அங்கிருந்து எத்தெல் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள சேன் கதோவுக்குப் போனோம். சின்னஞ்சிறு தீவு, கரையிலிருந்து ஒரு குட்டையான கல்பாலம். நாங்கள் போனபோது நீர் நன்றாக வற்றியிருந்தது. படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. பாலத்தின் கால்களில் நீர் நின்ற உயரம் வரை பாசி கறுத்து, அதற்கு மேலே கல் வெளுத்திருந்தது. இரப்பர் காலணி அணிந்த ஓர் அம்மாள் குனிந்து குனிந்து சிறு முள்வாரியால் மணலைக் கீறி மட்டி எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் ஓர் அளவுக் கருவியில் வைத்துப் பார்ப்பார். சிறியதாக இருந்தால் மீண்டும் மணலிலேயே புதைத்துவிடுவார். குறைந்த அளவு இவ்வளவு இருக்கவேண்டும் என்று சட்டம் உண்டு. பார்க்க ஆள் இல்லாத இடத்திலும் அவர் அதைக் கடைப்பிடித்ததைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பாலத்துக்கு ஒரு கதை இருக்கிறது. துறவி கதோவுக்காகச் சாத்தான் ஒரே இரவில் அதைக் கட்டித் தந்ததாம். முதலில் கடக்கும் உயிர் தனக்கு என்பது ஒப்பந்தம். விடிந்ததும் துறவி பாலத்தில் ஒரு பூனையை விரட்டிவிட்டார். தீவில் அவர் பெயரில் பழைய கற்கோயில் இருக்கிறது. உள்ளே அவருடைய படுக்கை என்று சொல்லப்படும் கல்லில் ஒரு துளை. காது கேளாதவர்கள் அதில் காதை வைத்தால் குணமாகும் என்பது நம்பிக்கை. உன் அப்பா சிரத்தையாக வைத்துப் பார்த்தார். கார்க் கதவு சாத்தும் ஓசை நன்றாகக் கேட்கிறது என்கிறார். நான் கூப்பிடுவது மட்டும் இன்னும் கேட்பதில்லை. தீவின் ஓரத்தில் உள்ள நீரூற்று, ஓதம் ஏறினால் மூழ்கிவிடும். வற்றும் நேரத்தில் வந்தால்தான் படியிறங்கிப் பார்க்கலாம்.

மதியம் வழியில் ஒரு சிற்றூர்க் கடையில் கலெத் சாப்பிட்டோம். பக்வீட் என்ற தானியத்தின் மாவைக் கரைத்து, அகன்ற வட்ட இரும்புக்கல்லில் ஊற்றி, கைப்பிடி வைத்த மரத்துண்டால் ஒரே சுழற்சியில் காகிதம்போல இழுத்து விரிக்கிறார்கள். நடுவே முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்து நான்கு ஓரங்களையும் மடித்துத் தருகிறார்கள். வெண்ணெயில் உப்பு தூக்கலாக இருக்கும். அதற்கும் காரணம் உண்டு. 1790இல் ஒழிக்கப்படும் வரை பிரான்சின் பெரும்பகுதியை வாட்டிய உப்புவரி பிரிட்டனியில் கிடையாது என்பதால், இங்கே வெண்ணெயில் தாராளமாக உப்புச் சேர்க்க முடிந்தது. அந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை.

பிற்பகலில் போர் லுயி. இதற்காகத்தான் உன்னை வரச்சொல்கிறேன். இன்னொரு முகத்துவாரத்தின் வாயில் ஸ்பானியர் 1590களில் தொடங்கிப் பிரெஞ்சுக்காரர் முடித்த கோட்டை நிற்கிறது. ஊருக்குப் பெயர் பதின்மூன்றாம் லூயி மன்னரிடமிருந்து வந்தது. உள்துறைக்குப் போகும் எந்தக் கப்பலும் அந்தச் சுவரை ஒட்டித்தான் போயாகவேண்டும். எதிர்க்கரையில் 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மன்னர் நிலம் கொடுத்தார். அங்கே அவர்கள் கட்டிய பெரிய கப்பலின் பெயரிலிருந்தே லொரியான் என்ற ஊர் உண்டாயிற்று. புதுச்சேரிக்கு வந்த கப்பல்களில் எத்தனையோ புறப்பட்டது இந்தத் துறையிலிருந்துதான். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் தென்பட்ட செய்தி வரும் இடங்களைப் பள்ளியில் படித்திருப்பாய். அந்தப் பயணத்தின் மறுமுனையில் நின்றுகொண்டு கடலைப் பார்த்தோம்.

கோட்டைக்குள் கம்பெனிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். கப்பல் மாதிரிகள், சீனப் பீங்கான், தேயிலைப் பெட்டிகள் எல்லாவற்றையும் கடந்து நான் நின்றது துணிகளின் முன்னால். சோழமண்டலக் கரையின் பூவேலைப் பருத்தித் துணிகளுக்கு இங்கே ஏற்பட்ட மோகத்தைப் பார்த்துப் பயந்து, உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்களைக் காப்பாற்ற 1686இல் பிரான்சில் அவற்றைத் தடை செய்தார்கள். 1759 வரை தடை நீடித்தது. அப்படியும் கம்பெனி அவற்றைக் கொண்டுவந்து, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி என்ற பெயரில் ஏலம் விட்டது. கள்ளத்தனமாக நாட்டுக்குள் போனதும் ஏராளம். நம் ஊர்ப் பக்கத்து அவுரி நீலத் துணியின் வரலாறு இன்னும் கசப்பானது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அந்த நீலத் துணியைக் கொடுத்துப் பிசினும் வாங்கினார்கள், மனிதர்களையும் வாங்கினார்கள். நம் நெசவாளர் கைப்பட்ட துணி அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை நம் வீடுகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. கம்பெனி காலம் என்றாலே ஆளுநர் துய்ப்ளேயின் மாளிகையும் விருந்தும்தான் நம் பேச்சில் வரும். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தகர்த்தார்கள். 1769இல் கம்பெனி தன் தனியுரிமையை இழந்தது.

லொரியானில் பழைய ஊர் என்று பார்க்க அதிகம் மிஞ்சவில்லை. ஜெர்மானியர் கட்டிய நீர்மூழ்கித் தளத்தைக் குறிவைத்து 1943 தொடக்கத்தில் நேச நாடுகள் பொழிந்த குண்டுகளில் ஊர்தான் அழிந்தது. காங்கிரீட் தளம் இன்றும் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறது. போர் லுயி கோட்டைக்கு வெளியே, ஜெர்மானியரை எதிர்த்துப் போராடி 1944இல் சுட்டுக் கொல்லப்பட்ட எதிர்ப்பியக்கத்தினர் 69 பேருக்கு நினைவிடம் உண்டு. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போ.

அதன்பின் மதிற்சுவரை ஒட்டி நட. ஓரிடத்தில் சுவரில் வாசல் திறந்து நேரே மணலில் இறக்கிவிடும். ஓதம் ஏறத்தொடங்கியதும் பள்ளிவிட்ட பிள்ளைகள் அந்த வாசல் வழியாகத் துண்டோடு ஓடிவந்தார்கள். செப்டம்பரிலேயே நீர் விறைக்கிறது. அப்பா கணுக்கால் வரை இறங்கிவிட்டு, பார்த்தாயிற்று என்று திரும்பிவிட்டார்.

நீ வருவதாக இருந்தால், பாரிஸ் மோம்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறு. ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஓரே வந்துவிடலாம். நாளைத் தேர்வு செய்யும்போது ஓத எண் 90க்கு மேல் இருக்கிறதா என்று பார். சித்தியைக் கேட்டால் வாட்ஸ்அப்பில் அட்டவணையைப் படம் எடுத்து அனுப்புவாள். நனைந்தாலும் கவலையில்லாத செருப்பு ஒன்று எடுத்துக்கொள். கர்நாக்கின் மூவாயிரம் நடுகற்களும் பக்கத்தில்தான் இருக்கின்றன என்று சித்தப்பா உன்னை இழுப்பார். அதை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள், இதே நாளில் திணிக்காதே.

வடகம் இரண்டு பொட்டலம் கொண்டுவா. இங்கே கடையில் கிடைப்பது வாசனையே இல்லை என்று சித்தப்பா நாங்கள் வந்த அன்றிலிருந்து புலம்புகிறார்.

அன்புடன்,
அம்மா