படங்களையும் சேர்த்து அனுப்புங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் செய்த கோப்பை மட்டும் எங்களுக்கு அச்சிட அனுப்பிவிட்டு, “என் திரையில் எல்லாப் படங்களும் தெளிவாகத்தானே தெரிகின்றன?” என்று கேட்பவர்களுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுத விரும்புகிறோம்.

‘பிளேஸ்’ கட்டளை வழியாக ஒரு படத்தைப் பக்கத்தில் வைக்கும்போது, மென்பொருள் அதை முழுவதுமாகத் தனக்குள் எடுத்துக்கொள்வதில்லை. படம் உங்கள் கணினியில் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற விவரத்தையும், திரையில் காட்டுவதற்கான தெளிவு குறைந்த நகல் ஒன்றையும் மட்டுமே வைத்துக்கொள்கிறது. அச்சுக்கான பிடிஎஃப் உருவாகும்போதுதான் அசல் படத்தைத் தேடிப் போகிறது. அசல் கிடைக்காவிட்டால், மென்பொருள் காட்டும் எச்சரிக்கையைத் தாண்டிச் செல்பவருக்குத் திரை நகலே பிடிஎஃப்பில் ஏறிவிடும். அச்சில் முகங்கள் கட்டங்கட்டமாக உடைவது பெரும்பாலும் இதனால்தான். அந்த எச்சரிக்கையை நாங்களே ஒருமுறை கவனிக்கத் தவறி, ஒரு நூலின் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) முழுவதையும் மறுபடி அச்சிட்டிருக்கிறோம்.

கோப்புறையின் பெயரை மாற்றினாலும் இணைப்பு அறுந்துவிடும். ‘லிங்க்ஸ்’ பலகத்தில் சிவப்புக் கேள்விக்குறி தெரிந்தால் படம் காணவில்லை என்றும், மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் வைத்த பிறகு படம் திருத்தப்பட்டிருக்கிறது என்றும் பொருள்.

அப்படியானால் எல்லாப் படங்களையும் கோப்புக்குள்ளேயே ‘எம்பெட்’ செய்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஓரிரு சிறிய சின்னங்களுக்கு அது சரி. புகைப்படங்கள் நிறைந்த மலருக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. கோப்பு பருத்துவிடுவது ஒருபுறமிருக்க, போட்டோஷாப்பில் அசலின் வண்ணத்தைத் திருத்தினால் அந்தத் திருத்தம் உள்ளே பொதிந்த படத்துக்கு வந்து சேராது. இணைப்பாக இருந்தால், அசலை ஒருமுறை திருத்தி இணைப்பைப் புதுப்பித்தாலே அது இடம்பெறும் பக்கங்கள் அனைத்தும் மாறிவிடும்.

படத்தைப் பெரிதாக்கும்போதும் கவனம் தேவை. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் உள்ள படத்தை 200 விழுக்காட்டு அளவுக்கு, அதாவது இருமடங்காக, பெரிதாக்கினால் 150 புள்ளிகளே மிஞ்சும். இணைப்பு சரியாக இருந்தும் படம் மங்கலாக விழும்.

ஆகவே, வேலை முடிந்ததும் ‘ஃபைல்’ பட்டியலிலுள்ள ‘பேக்கேஜ்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். வடிவமைப்புக் கோப்பின் நகல், இணைக்கப்பட்ட படங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் அதுவே ஒரு கோப்புறையில் திரட்டித் தரும். ஸ்கிரைபஸ் என்ற மற்றொரு பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ‘கலெக்ட் ஃபார் அவுட்புட்’ அதே பணியைச் செய்கிறது. சில எழுத்துருக்களை உரிமக் காரணத்தால் மென்பொருள் நகலெடுக்காது என்பதால், பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயர்களையும் மடலில் குறிப்பிடுங்கள். திரட்டிய கோப்புறையை, உள்ளிருக்கும் பெயர்கள் எதையும் மாற்றாமல், ஜிப் செய்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அச்சு முன்தயாரிப்புப் பிரிவு