செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

நம் ஆலோசகர் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், பவானி, கோபி, பெருந்துறை, சத்தியமங்கலம் என்று பல ஊர்களிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் பஸ் பிடித்து ஈரோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். மாதம் ஒரு தலைப்பு, மாதம் ஒரு பேச்சாளர் என்று ஓடாமல், இந்த ஆண்டு முழுவதும் ஒரே ஒரு திறனை உருப்படியாகக் கற்றுக்கொள்வோம் என்பதுதான் அது. குடியையோ புகையிலையையோ விட வேண்டும் என்று ஒரு மனமும், விட முடியாது என்று இன்னொரு மனமுமாக நம் முன்னால் வந்து உட்காருகிறவருக்கு, மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வரும்படி பேசுவது எப்படி? மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்ற முறையைத்தான் சொல்கிறேன். நமக்குள் எம்.ஐ. என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த முடிவு என்ன ஆயிற்று என்பதுதான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி. மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் உறுப்பினர்கள் 41 பேர். இப்போது 46. போதை மீட்பு மையங்களில் வேலை செய்பவர்கள்தான் அதிகம். புதிதாகச் சேர்ந்தவர்களில் 3 பேர் பள்ளி, கல்லூரி ஆலோசகர்கள். செயற்குழு 6 முறை கூடியது. நம் மூத்த உறுப்பினர் ஒருவரை நவம்பரில் இழந்தோம். குடிநோய் என்ற சொல்லே பலருக்குத் தெரியாத காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பேசியவர். கூட்டத் தொடக்கத்தில் அவருக்காக எழுந்து நின்றோம். அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளை அவர் குடும்பத்தார் சங்கத்துக்கே கொடுத்திருக்கிறார்கள்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன்.

ஜூன் மாதம் இரண்டு நாள் முகாம் நடத்தினோம். 34 பேர் வந்தார்கள். பயிற்சியாளர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. திறந்த கேள்வி, எதிரே இருப்பவரின் பலத்தைக் கண்டு சொல்வது, அவர் சொன்னதன் உட்பொருளைத் திருப்பிச் சொல்லும் பிரதிபலிப்பு, கடைசியில் தொகுத்துச் சொல்வது என்று நான்கையும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து நடித்தும் பார்த்தோம். முடிவில் கொடுத்த கருத்துப் படிவத்தில் ஏறக்குறைய எல்லோருமே ‘இனி என் வேலையில் இதைச் செய்ய முடியும்’ என்று எழுதினோம். நானும் அப்படித்தான் எழுதினேன்.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு, நம்மிடம் ஆலோசனைக்கு வருபவரின் சம்மதத்தோடு பதிவு செய்த 20 நிமிடப் பேச்சைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். மூன்று பேர்தான் கொண்டுவந்தார்கள். செயலாளர் முதலில் கொடுத்தால் மற்றவர்களுக்குத் தயக்கம் விலகும் என்று என் பதிவைப் போட்டோம். எண்ணிப் பார்த்ததில் 27 கேள்விகள் இருந்தன. பிரதிபலிப்பு 5. அதைவிட என்னை உலுக்கியது ஒரு இடம். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவர் சொல்கிறார்: “பொண்ணு இந்த வருஷம் பத்தாவதுங்க. அவ முன்னாடி இந்த நெலமையில நிக்கக் கூடாதுன்னு தோணுதுங்க.” அதற்கு நான் சொன்ன பதில்: “சரிங்க, ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர் ஆகுது?” அவர் மெதுவாகத் திறந்த கதவை என் கையாலேயே சாத்திவிட்டேன். பேசிக்கொண்டிருந்தபோது இது எனக்குத் தெரியவே இல்லை. மூன்று வாரம் கழித்து, சக உறுப்பினர்களோடு உட்கார்ந்து கேட்கும்போதுதான் தெரிந்தது.

இதை எனக்கு மட்டும் நேர்ந்த தவறாக நினைத்திருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். இந்த முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லரும் அவர் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் செப்டம்பர் கூட்டத்தில் படித்தோம். போதைச் சிகிச்சைத் துறையில் இருக்கும் 140 பேரைப் பிரித்து, சிலருக்கு முகாம் மட்டும், சிலருக்கு முகாமுக்குப் பிறகு அவர்கள் ஒலிப்பதிவின் மீது கருத்து, சிலருக்குத் தொலைபேசியில் தொடர் வழிகாட்டல், சிலருக்கு இரண்டும் என்று கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முகாமுக்குப் பிறகும் துணை கிடைத்தவர்களிடம்தான் திறன் கூடுதலாக வளர்ந்தது. நமக்கு முக்கியமான செய்தி இன்னொன்று. ‘எனக்கு எம்.ஐ. நன்றாக வருகிறது’ என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதற்கும், அவர் ஒலிப்பதிவில் உண்மையில் இருக்கும் திறனுக்கும் தொடர்பே இல்லை. ஜூன் மாதம் நாம் எழுதிய 34 படிவங்களை நினைத்துக்கொண்டேன்.

இந்த முறை பிறந்த கதையே இப்படித்தான். 1982இல் மில்லர் நார்வே நாட்டில் பெர்கன் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குடிநோய் மருத்துவமனையில் தங்கியிருந்தார். அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் குடிப்பவர் போல நடிப்பார்கள். அவர் ஆலோசகராகப் பேசிக் காட்டுவார். நடுநடுவே நிறுத்தி, ‘இந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள், அவர் சொன்ன இத்தனையில் ஏன் இதை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்’ என்று கேட்டார்கள். அதுவரை யோசிக்காமலே செய்துவந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டி வந்ததில்தான் இந்த முறை உருவெடுத்து, 1983இல் கட்டுரையாக வந்தது. பிறகு உளவியலாளர் ஸ்டீபன் ரோல்னிக் அவரோடு சேர்ந்தார். ஆக, கூட இருப்பவர்கள் கேட்டு, குறுக்கே நிறுத்திக் கேள்வி கேட்டதில் பிறந்த முறை இது. தனியாக உட்கார்ந்து கற்பது எப்படி முடியும்?

இதெல்லாம் பணவசதி உள்ள நாடுகளுக்குத்தான் சரிப்படும் என்று ஒரு உறுப்பினர் சொன்னார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கோவாவில் இருக்கிறது. அங்கே 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீங்கு தரும் அளவுக்குக் குடிக்கும் 377 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பேசியவர்கள் மனநலப் படிப்பு ஏதும் இல்லாத, அந்த வேலைக்காகவே பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். எம்.ஐ. அடிப்படையில் அதிகபட்சம் நான்கு அமர்வுகள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26 சதவீதம் பேரும், இந்த ஆலோசனையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேரும் தீங்கான குடி நிலையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். தொடர்ந்து குடித்தவர்கள் குடிக்கும் அளவில் பெரிய மாற்றம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆலோசகர்களை எப்படித் தயார் செய்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. ஒருவர் ஒலிப்பதிவை இன்னொருவர் கேட்டு மதிப்பெண் போட்டு, கூடி உட்கார்ந்து பேசினார்கள். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அக்டோபரிலிருந்து நாமும் அதையே செய்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு ஈரோட்டிலும் மூன்றாம் ஞாயிறு கோபியிலும் கேட்புக் குழு கூடுகிறது. ஒரு கூட்டத்துக்கு ஒரு பதிவுதான். ஒருவர் கேள்விகளை எண்ணுவார், ஒருவர் பிரதிபலிப்புகளை எண்ணுவார். மூன்றாமவர், வந்தவர் மாற்றத்தை நோக்கிப் பேசிய இடங்களையும், அதற்கு அடுத்த நொடி ஆலோசகர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுவார். இந்த மூன்றாவது தாள்தான் உயிர். ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பாவது இருக்க வேண்டும், நன்றாகத் தேறியவர் என்றால் இரண்டு இருக்க வேண்டும் என்பது எம்.ஐ. பயிற்சியில் பொதுவாக வைக்கும் அளவு. மார்ச் மாத என் பதிவில் கேள்வி 12, பிரதிபலிப்பு 14.

தமிழில் பேசுவதால் நமக்கே உரிய சில சங்கதிகள் இந்தக் கூட்டங்களில் வெளிப்பட்டன. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் பார்க்காதவை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

நாம் பிரதிபலிப்பு என்று நினைத்துச் சொல்வது பல நேரம் ஒரு ‘ஆ’வில் கேள்வியாகிவிடுகிறது. “ராத்திரி தூக்கம் வராததுதான் உங்களுக்குப் பெரிய கவலையா?” என்றால் அவர் “ஆமாங்க” என்று நிறுத்திவிடுகிறார். “ராத்திரி தூக்கம் வராததுதான் பெரிய கவலையா இருக்குது” என்று குரலை இறக்கி முடித்துவிட்டு நாம் சும்மா இருந்தால், அவர் தொடர்கிறார். கோபி குழுவில் ஒரு மாதம் முழுக்க இந்த ஒன்றை மட்டும் பழகினோம். மரியாதைக்காக நாம் கேள்வியாகவே பேசிப் பழகியிருக்கிறோம். பெரியவரிடம் ‘இப்படித்தான்’ என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவர் சொன்னதையே சொல்வதில் மரியாதைக் குறைவு இல்லை என்று நாக்குக்குப் புரிய நாளாகிறது.

அப்புறம், பத்துக்கு எத்தனை என்று கேட்கும் அளவுகோல். குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்கும்போது, வயதான நெசவாளர்கள் சிலர் “ரூபாய்க்கு ஆறணா” என்றே பதில் சொல்கிறார்கள் (ஒரு ரூபாய்க்குப் பதினாறணா என்ற பழைய கணக்கு). அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அடுத்து என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “ஏன் பன்னிரண்டணா இல்லை?” என்றால், முடியாததற்கான காரணங்களை அடுக்குவார். “ஏன் ரெண்டணான்னு சொல்லாம ஆறணான்னு சொன்னீங்க?” என்றால், விட வேண்டியதற்கான காரணங்களை அவரே சொல்ல ஆரம்பிக்கிறார். நம்மில் பலருக்கு முதல் கேள்விதான் வாயில் வருகிறது. ஓடிப்போய்ச் சரிசெய்துவிட வேண்டும் என்ற நம் துடிப்பு அது.

கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றியும் நிறையப் பேசினோம். கோயிலில் கயிறு கட்டி 40 நாள் குடிக்காமல் இருந்து, திரும்பக் குடித்தவர் அதைத் தோல்வியாகத்தான் சொல்கிறார். நாமும் ‘கயிறு கட்டினா நிக்காதுங்க, ட்ரீட்மெண்ட் எடுக்கணும்’ என்று கடந்துபோயிருக்கிறோம். 40 நாள்! அவரால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த நாற்பது நாளில் சாயங்காலங்களை எப்படிக் கழித்தார், யார் துணை இருந்தார்கள் என்று கேட்டால் சிகிச்சைத் திட்டத்தில் பாதி அங்கேயே கிடைக்கிறது. இந்த ஆண்டு நான் கற்றவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

“நீங்களே சொல்லுங்க சார், நீங்க சொன்னா கேட்டுக்கறேன்” என்பவரிடம் என்ன செய்வது? இதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆலோசனையே சொல்லக் கூடாது என்று எம்.ஐ. சொல்லவில்லை. அவருக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று கேட்டு, அனுமதி வாங்கி, கொஞ்சமாகச் சொல்லி, கேட்டதும் என்ன தோன்றுகிறது என்று திரும்பக் கேட்பதுதான் வழி. ஆனால் 25 வயது ஆலோசகர் 55 வயதுக்காரரிடம் “ஒரு விஷயம் சொல்லலாங்களா அண்ணா?” என்று கேட்டால் ஆலோசகருக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள் என்று இளைய உறுப்பினர்கள் சொல்கிறார்கள். அது உண்மையான சிரமம். எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

ஜனவரிக் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: “அடிபட்ட முகத்தோட சம்சாரம் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கு. உள்ள நான் அவர்கிட்ட பிரதிபலிச்சுக்கிட்டு இருக்கறதா?” இல்லை. அங்கே முதலில் அந்தப் பெண்ணின் பாதுகாப்பு. அவரைத் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும், 181 மகளிர் உதவி எண்ணைச் சொல்ல வேண்டும். அதேபோல் தினமும் அதிகம் குடிப்பவர் நம் பேச்சால் உந்தப்பட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ‘நாளையிலிருந்து தொடமாட்டேன்’ என்று ஒருவர் சொன்னதும் மகிழ்ந்து அனுப்பிவிடாமல் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்த இரண்டையும் கேட்புக் குழுவின் முதல் விதிகளாகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

ஒரு தவறும் நடந்தது. டிசம்பரில் ஒரு பதிவு வாட்ஸ்அப் வழியாக இன்னொரு உறுப்பினருக்குப் போய்விட்டது. பெயர் எதுவும் அதில் இல்லை, உடனே அழித்துவிட்டார்கள், சம்பந்தப்பட்டவரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பை அவருடைய உரிமை என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது உரிமைதான். இப்போது பதிவை நேரில் கொண்டுவந்து ஒலிக்கவிடுவது மட்டுமே அனுமதி. கூட்டம் முடிவதற்குள் எல்லோர் முன்னாலும் அழிக்க வேண்டும்.

முகாமுக்கு வந்த 34 பேரில் கேட்புக் குழுவில் தொடர்கிறவர்கள் 13 பேர்தான். சிலருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. பள்ளி ஆலோசகர்களால் மாணவர்களின் பேச்சைப் பதிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அவர்களுக்காக நடித்துப் பார்க்கும் அமர்வு ஒன்றைத் தனியாகத் தொடங்காமல் விட்டது செயலாளர் என்ற முறையில் என் குறை. வரும் ஆண்டில் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். மையங்களின் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஆலோசகரை ஆண்டுக்கு ஒரு முகாமுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கி மாட்டுவதை விட, மாதம் மூன்று மணி நேரம் எங்களிடம் அனுப்புங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிக்கிறார். முகாமுக்கு ஆன செலவுதான் பெரியது. கேட்புக் குழுவுக்கு ஆனது டீச் செலவும் ஒரு ஸ்பீக்கரும். கூட்டம் நடத்த மாடி அறையை வாடகையில்லாமல் கொடுத்துவரும் உறுப்பினருக்கும், பேச்சைப் பதிவு செய்யச் சம்மதித்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. தங்கள் வாழ்க்கையின் கஷ்டமான இருபது நிமிடங்களை நாம் கற்பதற்காகக் கொடுத்தார்கள்.

என் முதல் பதிவில் பேசியவர் பிப்ரவரியில் திரும்ப வந்தார். இடையில் இரண்டு முறை விட்டு, இரண்டு முறை தொடங்கியிருந்தார். இந்தத் தடவை மகளைப் பற்றி நானாக எதுவும் கேட்கவில்லை. அவர் பேச்சை எடுத்தபோது, “அவ முன்னாடி தலை நிமிர்ந்து நிக்கணும்னு இருக்குது” என்று மட்டும் சொன்னேன். அவர் நாற்பது நிமிடம் பேசினார்.

அடுத்த கேட்புக் குழு வரும் முதல் ஞாயிறு காலை 10 மணிக்கு, ஈரோட்டில். ஒலிப்பதிவு கொடுக்கிறவர்கள் பொதுக்குழு முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்