மறுத்த வீடுகளின் கணக்கையும் வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் புள்ளிவிவரங்களை நம்பலாமா என்ற பேச்சு அடிப்படை ஆண்டோடு, அதாவது ஒப்பிட எடுத்துக்கொள்ளும் ஆண்டோடு, நின்றுவிடுகிறது. தகவல் திரட்டும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

தில்லியின் துவாரகாவிலோ மயூர் விஹாரிலோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டிக்குள் கள ஆய்வாளர் போக வேண்டுமானால், முதலில் ரெஜிஸ்டரில் கையெழுத்து. பிறகு காவலாளி இன்டர்காமில் கேட்பார். “இப்போது நேரமில்லை” என்று மேலிருந்து பதில் வந்தால் அடையாள அட்டை இருந்தும் பயனில்லை. 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கேள்விகளை மூன்றாகப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று முறை போனார்கள். பதில் சொல்பவருக்குச் சலிப்பு குறையும், நல்ல மாற்றம்தான். ஆனால் கதவும் மூன்று முறை திறக்க வேண்டுமே! திறக்காத வீட்டுக்குப் பதிலாக வேறொரு வீட்டை எடுப்பார்கள். வசதியான குடும்பம் மறுத்து, அதைவிட எளிய குடும்பம் அந்த இடத்துக்கு வந்தால் சராசரிச் செலவு குறைவாகவே பதிவாகும். மாதிரியாக எடுக்கும் வீடுகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினாலும் இந்தப் பிழை தீராது. ஆகவே எத்தனை வீடுகள் மறுத்தன, எத்தனை மாற்றப்பட்டன என்பதை நகரவாரியாக, செலவு அட்டவணைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதைச் சொன்னது அதற்கென நடத்திய மறு கணக்கெடுப்புதான். அப்படிச் சொன்னதால் அந்தக் கணக்கின் மீது நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை.

திறக்காத இன்னொரு வாசல் புள்ளியியல் அமைச்சகத்தில் இருக்கிறது. 2017-18 வேலைவாய்ப்பு அறிக்கை வெளிவராமல் இருந்ததால் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் விலகினார்கள். வேலையின்மை 6.1 சதவீதம் என்ற அந்த அறிக்கை, தேர்தல் முடிந்து மே 31 அன்றுதான் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், 2017-18 நுகர்வுச் செலவு முடிவுகள் தரக்குறைவு என்று சொல்லிக் கைவிடப்பட்டன. 2011-12க்குப் பிறகு அடுத்த முடிவு 2022-23க்குத்தான். இடைப்பட்ட காலமெல்லாம் விலைவாசிக் குறியீட்டுக்குப் பழைய செலவுக் கணக்கே ஆதாரம்.

2006 முதல் இயங்கும் அந்த ஆணையத்துக்குத் தனிச் சட்டம் கிடையாது. பிரிட்டன் 2007-லேயே சட்டம் இயற்றி, புள்ளியியல் ஆணையத்தை நேரடியாக நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பாக்கியது. இங்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். அறிவித்த தேதியில் அறிக்கை வராவிட்டால், ஆணையம் 30 நாட்களுக்குள் காரணத்தை எழுத்தில் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். முடிவு தரமற்றது என்று ஒதுக்கினாலும், பெயர் நீக்கிய மூலத் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். 2027 மார்ச் 1 அடுத்த மக்கள்தொகைக் கணக்கின் குறிப்பு நாள், அதாவது அன்றைய நிலவரப்படிதான் மக்களை எண்ணுவார்கள். அதற்கு முன்பே இந்தச் சட்டம் நிறைவேற வேண்டும்.

– வாசகர், மயூர் விஹார், தில்லி