வாரத்துல ஒரு நாள் பிசியோதெரபிஸ்ட்ட மலைக்கு அனுப்புங்க

மரியாதைக்குரிய சார், மேடம், வணக்கம்.

மலைப்பக்க ஆஸ்பத்திரிகள கவனிக்கிற அதிகாரிங்க நீங்க, லயத்துல, அதாவது எஸ்டேட் லைன் வீடுங்கள்ல, இருக்குறவங்க நெலம உங்களுக்குப் புதுசில்ல. அதனால போன வாரம் நடந்தத மட்டும் சொல்றேன்.

எங்கம்மா கேரளாவுல இடுக்கி மலையில 25 வருஷமா தேயிலக் கொழுந்து எடுக்குறாங்க, நாலு வருஷமா இடுப்பு வலி. போன வாரம் காலைல 6 மணிக்கு ஜீப் புடிச்சு, அப்புறம் பஸ் மாறி கீழ ஆஸ்பத்திரிக்குப் போனோம், வளைவுக்கு வளைவு தூக்கிப் போட சீட்டுல உக்கார முடியாம அம்மா கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டே வந்தாங்க. அங்க 10 நிமிஷம் சூடு வச்சாங்க, ஒரு பெல்ட் எழுதுனாங்க, எக்சர்சைஸ் பேப்பர் ஒண்ணு குடுத்தாங்க. பேப்பர் முழுக்க மலையாளம். அம்மா கடையில, பஸ்ல மலையாளம் நல்லாவே பேசுவாங்க, ஆனா படிக்கத் தெரியாது. ராத்திரி பக்கத்து வீட்டுப் பையன் வாசிக்க வாசிக்க, அம்மா பாய விரிச்சு படுத்து முழங்கால மடக்கி இடுப்பத் தூக்குனாங்க, மூணாவது தடவ சுருக்குன்னு புடிச்சுது. நிறுத்தணுமா, மெதுவா தொடரணுமா? பேப்பர்ல அது இல்ல. பயந்துபோய் பேப்பர மடிச்சு ரேஷன் கார்டு கவர்ல சொருகிட்டாங்க. வைத்தியம் அதோட நின்னு போச்சு, ஒரு நாள் கூலியும் போச்சு.

3 மாசத்துக்கு மேல நீடிக்கிற இடுப்பு வலிக்கு எக்சர்சைஸும், வலியப் பத்தி புரிய வைக்கிறதும் முக்கியம்னு 2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு, இடுப்பு பெல்ட்ட வழக்கமா குடுக்க வேணாம்னும் அதுலயே இருக்கு. எங்களுக்குக் கெடச்சது பெல்ட் தான். நாள் முழுக்க தேயிலக் காட்டுல நடக்குறவங்களுக்கு தனியா எக்சர்சைஸ் எதுக்குன்னு சிலர் கேக்குறாங்க. சாக்க சுமந்துக்கிட்டு சரிவுல குனிஞ்சு நிமிர்றதும், கொஞ்சம் கொஞ்சமா கூட்டி உடம்பப் பழக்குறதும் ஒண்ணா சார்? பக்கத்துல ஒருத்தர் நின்னு "இந்த வலி வந்தா பயப்படாதீங்க, நாளைக்கு ரெண்டு தடவ கொறச்சு செய்ங்க"ன்னு சொல்லணும். அதுக்குத்தான் வாரத்துல ஒரு நாள் ஆள் கேக்குறோம்.

இன்னொண்ணு. டவுன்ல ஒரு இடத்துல தலையில கரண்ட் வச்சா வலி கண்டிப்பா போயிரும்னு சொல்லி விட்டாங்க, அம்மா கம்மல அடகு வைக்கவே கெளம்பிட்டாங்க. நான் தேடிப் படிச்சேன். வலி நாள்பட்டுப் போனா காயம் ஆறுன பிறகும் நரம்பும் மூளையும் வலிய பெருசாக்கிக் காட்டுமாம், அதக் கொறைக்கத்தான் உப்புத்தண்ணில நனச்ச ரெண்டு ஸ்பாஞ்ச தலையில வச்சு 1, 2 மில்லி ஆம்பியர் கரண்ட 20 நிமிஷம் போல குடுக்குறாங்க, இது ஷாக் வைக்கிறது இல்ல. எக்சர்சைஸோட சேத்து ஆராய்ச்சியும் நடக்குது. ஆனா சில ஆராய்ச்சியில பலன் தெரியுது, சிலதுல கரண்ட் குடுக்காம சும்மா மெஷின மாட்டி விட்டவங்களுக்கும் அதே அளவு தான் கொறையுது. கண்டிப்பா போயிரும்னு சொல்ற நெலமைல அது இன்னும் இல்ல. இத நீங்க தமிழ்ல எழுதி டிஸ்பென்சரி செவுத்துல ஒட்டியிருந்தா ஒரு கம்மல் வரைக்கும் வந்திருக்காது.

ஓட்டு கேக்க வர்ற ஜீப் லயம் வாசல் வரைக்கும் வருது, மழைல ரோடு போனா மாசக் கணக்குல யாரும் எட்டிப் பாக்குறதில்ல, பிரசவ வலி வந்தாலும் எங்க ஆளுங்க தூக்கிட்டுத்தான் ஓடணும். மன்னிச்சிருங்க, கோவத்துல எங்கயோ போயிட்டேன்.

தயவு செஞ்சு வாரத்துல ஒரு நாள், தமிழ் பேசத் தெரிஞ்ச ஒரு பிசியோதெரபிஸ்ட்ட மேல அனுப்பி வைங்க. எக்சர்சைஸ் பேப்பர தமிழ்லயும் படத்தோட அடிச்சுக் குடுங்க. மெஷின் எதுவும் கேக்கல. டிஸ்பென்சரிக்குப் பின்னாடி மருந்துப் பெட்டி அடுக்கி வச்சிருக்குற ரூம் போதும், பாய் நாங்க கொண்டு வர்றோம்.

இப்படிக்கு,
ஒரு கொழுந்துக்காரம்மாவோட மக