ஓய்வூதியக் காசோலையைக் கிழித்தவர்

உ
சிவமயம்

காரைக்குடி

அன்பு மகன் சிரஞ்சீவிக்கு அப்பச்சி எழுதுவது.

நானும் ஆத்தாவும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள வருவாயா என்று ஆத்தா கேட்கச் சொன்னாள். மற்ற செய்திகளை அவளே எழுதுவாள். நான் ஒரு திரைப்படத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

நீ விட்டுச்சென்ற ஹார்டு டிஸ்க்கில் இருந்த ‘ரெட்’ என்ற ஆங்கிலப் படத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். 2010இல் வந்த படம். ஓய்வுபெற்ற அமெரிக்க உளவாளியான புரூஸ் வில்லிஸைக் கொல்ல ஆட்கள் வருகிறார்கள்; அவர் தம் பழைய கூட்டாளிகளை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து மறுபடியும் வேலையில் இறக்குகிறார். முதியோர் இல்லத்திலிருந்து மார்கன் ஃப்ரீமன் வருகிறார். ஹெலன் மிரன் வெள்ளை அங்கியோடு நின்று பெரிய இயந்திரத் துப்பாக்கியால் சுடுவதைப் பார்த்து ஆத்தா வாய்விட்டுச் சிரித்தாள். 1945இல் பிறந்த அந்த அம்மாளுக்கு அப்போது வயது 65. அலுவலகம் ஒருவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும் அவர் கற்ற தொழில் கையைவிட்டுப் போவதில்லை. அதற்காகவாவது நீ அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

ஆனால் என்னை உலுக்கியது சண்டைக் காட்சி எதுவும் இல்லை. தொடக்கத்திலேயே அந்த மனிதர் தமக்கு வந்த ஓய்வூதியக் காசோலையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கான்சாஸ் நகரத்தில் ஓய்வூதிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தொலைபேசி செய்து, காசோலை வரவில்லை என்கிறார். அவளோடு பேச அவருக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை. அவளும் கோபப்படாமல் பேசுகிறாள்.

அந்த இடத்தில் எனக்கு உன் நினைவு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு நீ வாரத்துக்கு மூன்று முறை அழைத்தாய். இங்கே நண்பகல் பன்னிரண்டு என்றால் சிங்கப்பூரில் பிற்பகல் இரண்டரை. வேலை நாளில் அந்த நேரத்தில் உன் பின்னால் அலுவலகச் சத்தமே கேட்கவில்லை. இரட்டைத் திருப்புப் பூட்டின் சாவி எங்கே என்றாய். உன் ஐயா, என்னைப் பெற்றவர், பர்மாவிலிருந்து எந்த வருஷம் திரும்பினார் என்று இரண்டு முறை கேட்டாய். “1942 என்று எத்தனை தரம் சொல்வது, படித்தவன்தானே” என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு 37 நாட்களாக நீ அழைக்கவில்லை. பெற்றவர்களை இப்படித் தவிக்க விடுவது சரியில்லை, தம்பி. நம் வளவில் யாரையும் எதிர்பார்க்காமல் முன்னுக்கு வந்தவன் நீ என்று இன்றும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்குச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். நான் கருவூலத்தில் ஓய்வூதியப் பிரிவில் இருந்தபோது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாதந்தோறும் பேருந்தேறி வந்து, அகவிலைப்படி நிலுவையைப் பற்றி ஒரே சந்தேகத்தைக் கேட்பார். விடையை அவரே தம் ஓய்வூதியப் புத்தகத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். ஒருநாள் எல்லார் முன்னாலும், “ஐயா, இது பொழுதுபோக்கும் இடமில்லை” என்றேன். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை நேரில் வந்து காட்டும் அடுத்த ஆண்டு நேர்காணலுக்கு அவர் வரவில்லை. வராதவர்கள் பட்டியலில் அவர் பெயரை நானே எழுதி ஓய்வூதியத்தை நிறுத்தினேன். வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பி என்னவென்று விசாரிக்கவில்லை. அவரும் காசோலையைக் கிழித்துவிட்டு வந்தவர்தான் என்பது எனக்கு இந்த வயதில், ஒரு சண்டைப் படத்தைப் பார்த்துத்தான் விளங்கியது. அவரிடம் பேசியது போலவே உன்னிடமும் பேசிவிட்டேன்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. நீ கேட்டதற்கு நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். ஐயா வந்தது 1942இல். கணக்கும் கடையும் அங்கேயே போய்விட, வெறுங்கையோடு முகப்பில் வந்து நின்றபோது, அப்பத்தா கேட்டது சாப்பிட்டீர்களா என்ற ஒன்றைத்தான். எந்த வழியாக நடந்து வந்தார், கூட யார் வந்தார்கள் என்பதெல்லாம் கடிதத்தில் அடங்காது. பன்னிரண்டு மணிக்கு நான் பட்டாலையில் போன் பக்கத்தில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பச்சி